வியந்து வீழ்த்திய காடுகள்: ஊவாப் பெருந்தோட்டங்களின் தோற்றம் பற்றிய ஒரு நோக்கு

பதுளை நகரிலிருந்து நமுனுகுல மலைத்தொடரை நோக்கி ஏறும் பாதையில் ஸ்பிரிங்வெளி அமைந்துள்ளது. பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தோட்டத்து மக்களின் நாவில் 'வெளி' என்றாகிப் பின்னர் எழுத்திலும் அவ்வாறே நிலைத்துவிட்டது. ஒலியொற்றுமையால் நேர்ந்த மாற்றமே இது. எனினும், அந்நிலத்தின் வரலாற்றை ஆங்கிலப் பெயரைவிடத் தமிழ்ப் பெயரே சரியாக உரைக்கின்றது எனலாம். ஏனெனில் அது இயற்கையில் அமைந்த வெளியன்று. காட்டை வீழ்த்தி, தீயிட்டு, வெளியாக்கிய நிலம்.

மலைநாட்டுக் காடுகள் அழிந்த வரலாற்றைக் கூறுவோர் பொதுவாக ஏக்கர்க் கணக்குகளையும் காணிச் சட்டங்களையும் எடுத்துக்காட்டுவர். அவை இன்றியமையாதவையே. ஆயின், அக்காலத்து ஆங்கிலேயர் எழுதிய நூல்களைப் படிப்போருக்கு வேறொரு செய்தி வியப்பளிக்கும். காட்டை விற்றவர்களும் வாங்கியவர்களும் வெட்டுவித்தவர்களும் மரங்களைப் பற்றி உள்ளமுருகி எழுதியிருக்கின்றனர். ஒரு மரத்தை மற்றொரு மரம் தழுவிக் கொல்வதையும், வேர்கள் சுவர்போல் எழுந்து நிற்பதையும், கொடிகள் கப்பற் கயிறுகளெனத் தொங்குவதையும் பக்கம் பக்கமாக அவர்கள் வருணித்தனர். அதே கரங்கள் அக்காட்டின் விற்பனைப் பத்திரத்திலும் ஒப்பமிட்டன. இவ்விரு செயல்களும் ஒரே மனிதரிடத்தில் எவ்வாறு முரணின்றி வாழ்ந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பிக்கு முற்பட்ட ஊவாவை நோக்குமிடத்து, அது முழுவதும் அடர்காடாக இருந்ததெனக் கொள்வது தவறாகும். ஊவாவின் மேட்டுநிலத்தில் 'பத்தனை' எனப்படும் புல்வெளிகள் பரந்து கிடந்தன. இவற்றைப் பற்றிப் பியர்சன் என்ற தாவரவியலாளர் 1899இல் விரிவாக எழுதினார். தாழ்ந்த சரிவுகளிற் புல்லினிடையே நெல்லி, கடுக்காய், தான்றி ஆகியன நின்றன. இவை தீயை எதிர்த்து வாழக் கற்ற மரங்கள். ஆண்டுதோறும் புல் எரிய, தடித்த பட்டையால் உயிர் காத்து, கருகிய அடியிலிருந்து மீண்டும் துளிர்ப்பவை. வளைந்தும் முறுகியும் நிற்கும் அவற்றின் தோற்றத்துக்கு இதுவே காரணம். நெல்வயல்கள் பள்ளங்களில் இருந்தன. காடு மலைத்தலைகளிலும் நீரோடைகளின் இரு மருங்கிலும் நின்றது. கண்டி மன்னர் காட்டை அரணாகக் கொண்டனர் என்பதும், அதனூடாக அகன்ற பாதை அமைப்பதை அவர்கள் விரும்பவில்லை என்பதும் 17ஆம் நூற்றாண்டில் அங்குச் சிறையிருந்த றொபேட் நொக்ஸின் நூலால் அறியப்படும்.

பிரித்தானியர் ஊவாவில் முதன்முதலாக மரங்களை வீழ்த்தியது வாணிபத்துக்காக அன்று, தண்டனைக்காக. 1817-18ஆம் ஆண்டுகளின் ஊவா - வெல்லச கிளர்ச்சியை அடக்கியபோது வீடுகளும் பயிர்களும் எரிக்கப்பட்டன. ஊர்மக்களின் பயன்தரு மரங்களும் வெட்டப்பட்டன. அதன்பின் இப்பகுதியைச் சுற்றிப் பார்த்த படை மருத்துவர் ஜோன் டேவி, ஊவாவின் பாழ்நிலையைத் தம் 1821ஆம் ஆண்டு நூலிற் பதிவு செய்துள்ளார். பகைவரின் காவல்மரத்தை வெட்டுதலைப் பண்டைத் தமிழ் வேந்தரும் வெற்றியின் அடையாளமாகக் கொண்டனர் என்பதை நாம் அறிவோம். அம்மரம் அரசனுடையது, அதனை வெட்டுதலால் அவன் பெருமை குன்றும். பலாவையும் தென்னையையும் வெட்டினால் குன்றுவது பெருமையன்று, அடுத்த ஆண்டின் உணவு. இந்த வேறுபாடு பிரித்தானியப் படைத்தலைவருக்கு நன்கு தெரிந்தேயிருந்தது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் கோப்பி வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் முடிக்குரியனவாகக் கருத வழிசெய்தது. காடு அரசுடையதாயிற்று, உடனே விற்பனைக்கும் வந்தது. ஏக்கர் ஒன்றின் ஆகக்குறைந்த விலை 5 சிலிங்காக இருந்து 1844இல் 1 பவுணாக உயர்த்தப்பட்டது. வாங்கியோருள் ஆளுநர் முதல் நீதிபதி, படையதிகாரி, மதகுரு வரை எல்லாத் தரத்தினரும் இருந்தனர். விற்கும் அலுவலரே வாங்கும் தோட்டத்துரையாகவும் இருந்த விந்தை இந்நாட்டில் அன்று நிலவியது.

இக்காலத்து அலுவலருள் எமர்சன் டெனன்ட் தனித்து நோக்கற்பாலர். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர். 1859இல் இவர் வெளியிட்ட இரு தொகுதிகள் கொண்ட இலங்கை பற்றிய நூல் இன்றும் வரலாற்று மாணவருக்குக் கைந்நூலாக விளங்குகின்றது. அதில் தாவரங்களுக்கென அமைந்த பகுதியைப் படிக்கும்போது, நிருவாகி ஒருவர் எழுதியதைப் படிக்கின்றோம் என்ற உணர்வே எழுவதில்லை. இத்தி, கல்லிச்சி முதலிய ஆலின மரங்களில் அவருடைய கண் நெடிது தங்குகின்றது. பறவையின் எச்சத்தால் ஒரு மரத்தின் கவட்டில் விழுந்த விதை அங்கேயே முளைக்கின்றது. மண்ணைத் தேடி மெல்லிய வேர்களைக் கீழே இறக்குகின்றது. வேர் நிலத்தைத் தொட்டபின் தடிக்கின்றது. ஒன்றோடொன்று பின்னித் தாங்கிய மரத்தைச் சுற்றி வலையாகின்றது. ஈற்றில் உள்ளிருந்த மரம் பட்டுப்போக, அது இருந்த இடம் வெறும் பொந்தாக நிற்க, வலையே மரமாகிவிடுகின்றது. விருந்தாளி வீட்டுக்காரனாகும் இக்கதை அக்காலத்து ஐரோப்பியப் பயணிகள் பலரையும் கவர்ந்தது.

பேராதனைப் பூங்காவின் வாயிலில் நின்ற இரப்பராலமரங்களையும் டெனன்ட் தம் நூலிற் படத்துடன் காட்டியுள்ளார். அவற்றின் வேர்கள் நிலத்தின்மேல் பாம்புகளைப் போல நெளிந்து பரந்திருந்தமையால் 'பாம்பு மரம்' என்ற பெயர் வழங்கிற்று. 1881-82இல் இலங்கை வந்த ஜெர்மானிய உயிரியலாளர் ஏர்ணஸ்ட் ஹெக்கலும் அவ்வேர்களை வியந்து எழுதினார். பல்கலைக்கழகத்துக்கு எதிரே தெருவைக் கடந்தால் நுழையக்கூடிய பூங்காவைப் பற்றி இவ்வளவு எழுதப்பட்டிருப்பதை நம்முட் பலர் அறியார். கொழும்புப் பேருந்துக்குக் காத்துநிற்கும் நேரத்திற்கூட அங்கு எட்டிப் பார்க்காதவர் உளர். அது நிற்க.

இதே டெனன்ட்தான் 1840களின் நடுப்பகுதியில் இலங்கையின் நிதியும் வாணிபமும் பற்றிய அறிக்கையை எழுதியவர். கோப்பி ஏற்றுமதி வரியை நீக்க வேண்டும் என்பதும், அதற்கீடாக நிலவரி விதிக்கலாம் என்பதும் அவ்வறிக்கையின் முதன்மையான விதந்துரைகளுட் சில. கோப்பிக்குச் சலுகை என்பது காட்டுக்குக் கோடரி என்பதை அறியாதவரல்லர் அவர். ஆயினும் அவர் எழுத்தில் போலித்தன்மை எதனையும் யான் காணவில்லை. வியப்பும் உண்மை, அறிக்கையும் உண்மை. இரண்டும் வெவ்வேறு பொருளைப் பற்றியவை என்பதே இதற்கு விளக்கமாகத் தோன்றுகின்றது. வியப்புக்குப் பொருளானது ஒரு மரம்: விசித்திரமான உருவம் கொண்ட, தனியே சுட்டிக்காட்டக்கூடிய, ஓவியத்தில் அடக்கக்கூடிய ஒன்று. அறிக்கைக்குப் பொருளானது ஏக்கர். ஏக்கரில் மரம் இல்லை. மண்ணும் சாய்வும் உயரமும் மட்டுமே உள்ளன.

காடு வீழ்த்தப்பட்ட முறையைப் பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகும். தோட்டத்துரைமார் எழுதிய குறிப்புகளில் மிகுந்த உற்சாகத்துடன் வருணிக்கப்படும் காட்சி இது. மலைச்சரிவின் அடியிலிருந்து வேலை தொடங்கும். கோடரியாளர் வரிசையாக மேல்நோக்கி ஏறிச் செல்வர். ஒவ்வொரு மரத்தையும் முழுதாக வெட்டுவதில்லை; அது நிற்கும் அளவுக்கு விட்டு, பாதிக்குமேல் வெட்டி நிறுத்துவர். அடியில் வேர்ச்சுவர் எழுந்து பரந்த பெருமரமாயின், அச்சுவருக்கு மேலே பரண் கட்டி ஏறிநின்று வெட்டுவர். இவ்வாறு சரிவு முழுவதும் குற்றுயிராக நிற்கும். இறுதியாக உச்சியில் நிற்கும் பெருமரங்களுக்கு வருவர். அடையாளம் காட்டப்பட்டதும் அவற்றை மட்டும் முழுதாக அறுத்து விடுவர். அவை தமக்குக் கீழுள்ள வரிசையின்மேல் விழும். அது அடுத்ததன்மேல் விழும். சில நிமிடங்களில் மலையின் ஒரு பக்கமே இடிமுழக்கத்துடன் சாய்ந்துவிடும்.

இம்முறைக்கு உதவியவை எவை? ஒரு காரணம் மலையின் சாய்வு. மற்றது கொடிகள். மரத்துக்கு மரம் தாவி, முடியோடு முடியைப் பிணைத்து, நூற்றாண்டுகளாகக் காட்டை ஒரே உடலாக இறுக்கிக் கட்டியிருந்த பெருங்கொடிகள். இவற்றின் பருமனையும் முறுக்கையும், சிலவற்றின் வாளையொத்த நீண்ட காய்களையும் பயணிகள் வியந்தனர். அக்கொடிகளாலேயே ஒரு மரம் விழும்போது பக்கத்து மரங்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. புயற்காற்றிலே காட்டைத் தாங்கிய கட்டு, கோடரியின் முன்னே அதனை மொத்தமாக வீழ்த்தும் கயிறாயிற்று. காடு வளரும் முறையை நுணுகி அறிந்தவனாலேயே இவ்வாறு அதனை வெட்ட முடியும். ஆகவே, வியந்தவன் அறியாதவன் என்றோ, வெட்டியவன் பாராதவன் என்றோ சொல்வதற்கில்லை. பார்வை கூர்மையாகவே இருந்தது. அது கூலிச் செலவைக் குறைக்கவும் பயன்பட்டது.

கோடரி பிடித்தவர் யார் என்ற வினாவுக்கு ஒரு சொல்லில் விடையிறுத்தல் இயலாது. தோட்டத்தில் நிரந்தரக் கூலியாக இருக்க மறுத்த கண்டிச் சிங்களக் கிராமத்தவர் காடுவெட்டும் வேலையைக் கொந்தரப்பாக ஏற்றுச் செய்தனர். வெட்டியபின் கிளை கழிப்பதும், எரிப்பதும், குழி வெட்டுவதும், கான் வெட்டுவதும், தவறணையிலிருந்து கன்று கொண்டுவந்து நடுவதும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் பணியாயின. காலஞ்செல்ல வெட்டும் வேலையும் அவர்களிடமே வந்து சேர்ந்தது. வெட்டிய காட்டின் பெரும்பகுதி எவருக்கும் பயன்படவில்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். மலைப்பாதைகள் இல்லாத காலத்தில் பெருமரத்தை இறக்கிச் செல்ல வழியில்லை. கட்டிடத்துக்கு வேண்டிய சிறிது போக எஞ்சியதெல்லாம், மழை ஓய்ந்த மாதங்களிற் காயவிட்டு எரியூட்டப்பட்டது.

இத்தொழிலாளர் புறப்பட்டு வந்த மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, சேலம் மாவட்டங்களின் வறண்ட ஊர்களில் 'காடு' என்பதற்குப் புன்செய் நிலம் என்றும் பொருளுண்டு. 'காட்டு வேலை' என்றால் சோளமும் கம்பும் விளையும் மேட்டுநிலத்து வேலை. அச்சொல்லைக் கொண்டுவந்தவர்கள் நமுனுகுலச் சரிவில் எதிர்கொண்ட காடு, சூரியன் தரையைத் தொடாத காடு. மன்னார்க் கரையிலிறங்கி, வட பாதை வழியாகக் கால்நடையாகப் பல நாள் நடந்து, வாந்திபேதிக்கும் மலைக்காய்ச்சலுக்கும் தப்பியவர்களே அதனைக் கண்டனர். 1841ஆம் ஆண்டுக்கும் 1848ஆம் ஆண்டுக்கும் இடையில் இவ்வாறு வந்தோருள் 70,000 பேர் வரை இறந்திருக்கலாமெனக் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை 1849இல் மதிப்பிட்டது. இம்மதிப்பீடு மிகையானதெனக் கருதும் ஆய்வாளரும் உளர். மிகையா குறைவா என்று வாதிடும் நிலையே நாம் கவனிக்க வேண்டியது. எண்ணியவர் எவரும் இலர் என்பதை அது காட்டுகின்றது. இக்காலத்தை அடுத்து, 1858 முதல் 1864 வரை, பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளர் துவெயிட்ஸ் இலங்கைத் தாவரங்களின் பட்டியலை வெளியிட்டார். அவர் சேகரித்த ஒவ்வொரு தாவர மாதிரிக்கும் ஓர் இலக்கம் உண்டு. அவ்விலக்கங்களைக் கொண்டு அதே மாதிரிகளை இன்றும் தேடியெடுக்கலாம். வட பாதையில் வீழ்ந்தவர்களுக்கு இலக்கம் இல்லை.

தமிழிலக்கியத்திற் பயிற்சியுள்ளோர் இவ்விடத்தில் இரண்டு செய்திகளை நினைவுகூர்வர். நற்றிணையின் 172ஆம் பாடல் புன்னை மரத்தைத் தலைவியின் தங்கையாகக் கூறுகின்றது. பட்டினப்பாலையோ, கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கியதையும் குளம் தொட்டு வளம் பெருக்கியதையும் புகழாகப் பாடுகின்றது. காட்டை அழித்தலுக்கு உருத்திரங்கண்ணனார் ஆண்ட வினை 'கொல்லுதல்' என்பதாகும். மரத்தை உறவாகக் காண்பதும் காட்டை அழித்தலைப் புகழ்வதும் நம் மரபிலும் ஒருங்கேயிருந்தன. ஆகவே இம்முரணை ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதாக்கி நாம் விலகிக்கொள்ளல் நேர்மையாகாது. எனினும் வேறுபாடொன்று உண்டு. கரிகாலன் காட்டைக் கொன்று ஆக்கிய நாட்டிற் குடிகள் ஏற்றப்பட்டனர் என்பது அப்பாட்டின் கருத்து. ஊவாவிற் காடு கொன்று ஆக்கப்பட்ட நிலத்தில் ஏற்றப்பட்ட குடிகள், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின்பின் குடிகளாகவே எண்ணப்படவில்லை.

காடு எரிந்த இடத்திற் கயிறு பிடித்து வரிசை போடப்பட்டது. ஆறடிக்கு ஆறடி இடைவெளியானால் ஏக்கருக்கு 1,210 செடிகள். எரிந்த அடிக்கட்டைகள் கரிய பற்களெனப் பல ஆண்டுகள் இவ்வரிசைகளுக்கிடையே நின்றன. கோப்பி தன்போக்கில் வளரவிட்டால் பதினைந்து அடிக்குமேல் உயரும் சிறுமரம். கை எட்டும் உயரத்திற் பழம் பறிக்கவும் காற்றுக்கு ஈடுகொடுக்கவும் அதன் தலையை நான்கடி அளவிலே கிள்ளி நிறுத்தினர். இவ்வகையிற் காட்டின் விசித்திர வளர்ச்சியை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் மனிதனால் திரிக்கப்பட்ட வளர்ச்சி நிறுவப்பட்டது. ஸ்பிரிங்வெளி கோப்பிக் கம்பனி என்ற பெயரிலேயே ஒரு கூட்டுக் கம்பனி இயங்குமளவுக்கு இப்பகுதி கோப்பியாற் பெயர் பெற்றது. 1870இல் இலங்கையின் கோப்பி ஏற்றுமதி 10 இலட்சம் அந்தரைக் கடந்தது. அப்பத்தாண்டின் இறுதியிற் பயிரிடப்பட்ட பரப்பு ஏறத்தாழ 2,75,000 ஏக்கராயிற்று.

அழிவும் ஊவாவிலேயே தொடங்கிற்று. 1869இல் மடுல்சீமையிலுள்ள கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி காணப்பட்டது. துவெயிட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பேர்க்லி என்ற பூஞ்சணவியலாளர் அதனைப் புதியதொரு பூஞ்சணமெனக் கண்டு, 'பாழாக்குவது' என்று பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டார். 1880 முதல் 1882 வரை இங்கு தங்கி ஆராய்ந்த மார்ஷல் வார்ட், அதன் வித்திகள் காற்றினாற் பரவுவதை நிறுவினார். இடையே காட்டுப்பட்டிகள் எவையுமின்றி, மலைக்கு மலை ஒரே பயிராக விரிந்துகிடந்த நிலம் அதற்கு வேண்டிய வழியைத் திறந்து வைத்திருந்தது. எந்தக் காடு இடத்தை அடைத்து நிற்கும் தடையென வீழ்த்தப்பட்டதோ, அக்காடே நோய்க்குத் தடையாக நின்றிருக்கும். பட்டுப்போன கோப்பி மரங்களைப் பட்டை உரித்துச் சீமைக்கு ஏற்றி, தேநீர் மேசைக்குக் கால்களாக விற்றனர் என்றும் அக்காலத்து எழுத்துகள் கூறும். அக்கால்களின் முறுகிய உருவத்தை அங்கும் எவரேனும் வியந்திருத்தல் கூடும்.

கோடரியை ஓரளவேனும் நிறுத்தியது எது? அழகுணர்ச்சியன்று. அரை நூற்றாண்டு காலம் எழுதப்பட்ட வருணனைகளால் ஓர் ஏக்கர் காடு காப்பாற்றப்பட்டதாக யான் அறியேன். 1873இல் கியூ பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், மலையுச்சிக் காடுகள் வெட்டப்படின் மழையும் ஆற்றுநீரும் பாதிக்கப்படுமென எச்சரித்தார். அதன் பயனாக 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டுநிலத்தின் விற்பனை நிறுத்தப்பட்டது. 1882இல் வின்சென்ட் என்ற வன அலுவலர் இலங்கைக் காடுகளின் நிலைபற்றி அறிக்கை தயாரித்தார். 1885இல் வனச்சட்டம் வந்தது. நீரைப் பற்றிய அச்சமும் மரவருவாய் குன்றியதைப் பற்றிய கவலையுமே இவற்றின் அடிப்படை. நமுனுகுல மலை ஏறத்தாழ 6,680 அடி உயரமுடையது. அதன் தலையிற் காடு எஞ்சியிருப்பதற்கும் சரிவுகள் முற்றாகத் தேயிலையானதற்கும் இந்த 5,000 அடி என்ற கோட்டுக்கும் தொடர்பில்லாமல் இல்லை.

எஞ்சிய மலைக்காட்டின் மரங்கள் உருவத்திற் பெருமரங்கள் அல்ல. மேலே செல்லச் செல்ல மரங்கள் குறுகும், கிளைகள் முடங்கும், முடிகள் காற்றினாற் சீவப்பட்டுக் குடைபோலத் தட்டையாகும், உடலெங்கும் பாசியும் மரத்தாடியும் படரும். சிங்களத்தில் 'கீன' எனப்படும் மரம் இவ்வாறு குடைவிரித்து நிற்பதை மலைநாட்டின் பல உச்சிகளிற் காணலாம். 1830களில் இங்குத் தாவரம் சேகரித்த வோக்கர் தம்பதியரின் பெயர் அதன் இலத்தீன் பெயரில் உள்ளது. பாசிகள் மேகத்தைப் பிடித்து நீராக்கிக் கீழே விடுகின்றன. ஆறுகள் அங்கிருந்தே பிறக்கின்றன. 'ஸ்பிரிங்' என்பது ஊற்று எனப் பொருள்படுமாயின், ஸ்பிரிங்வெளியின் பெயரில் முதற்பாதி அக்காட்டுக்கும் பிற்பாதி காடு நீங்கிய நிலத்துக்கும் உரியன.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1900 அளவில் இலங்கையிற் தேயிலைப் பரப்பு மூன்றரை இலட்சம் ஏக்கரைக் கடந்திருந்தது. தேயிலையும் இயல்பில் மரமே. வெட்டாது விட்டால் முப்பதடிக்கு மேல் உயரக்கூடியது. கவ்வாத்துக் கத்தியாலும் கொழுந்தெடுக்கும் விரல்களாலும் அதனை இடுப்பளவில் மட்டமாக நிறுத்தி வைத்திருக்கின்றனர் தொழிலாளர். நூறாண்டு வயதுடைய அடிமரமும் மேசை போன்ற தலையும் கொண்ட தேயிலைச் செடி, டெனன்ட் கண்ட எந்த மரத்துக்கும் வியப்பிற் குறைந்ததன்று. ஆயினும் அதனை மரமென்றே எவரும் நினைப்பதில்லை.

மலைகளினிடையே ஆங்காங்கு ஒரு பழைய ஆலோ அரசோ இத்தியோ தனித்து நிற்பதைத் தோட்டங்களிற் காணலாம். அடியில் ஒரு கல், கல்லின்மேல் மஞ்சளும் குங்குமமும், ஒரு சூலம். முனியாண்டியோ மாடசாமியோ அங்கு உறைகின்றார். கவ்வாத்துக்கு முன் பூசை பெறும் கவ்வாத்துச்சாமிக்கும் பெரும்பாலும் இத்தகைய மரத்தடியே கோயில். அரசமரத்தைச் சிங்கள மக்களும் வெட்டத் துணியார். பொந்தும் வலையுமாக வளரும் ஆலினம் பலகைக்கு உதவாமையும் அதன் நல்வாய்ப்பாயிற்று. இம்மரங்களை வணங்கியோர் அவற்றைப் பற்றி நூல் எழுதவில்லை. அஞ்சினர், படையலிட்டனர், வெட்டாது விட்டனர். துரைமாரின் வியப்பும் தொழிலாளரின் அச்சமும் ஒரே வகை மரத்தையே சென்றடைந்தன எனினும், ஒரு மரத்தையேனும் நிலைக்க வைத்தது பின்னதே. தோட்டத்து வழிபாட்டைப் பிற்போக்கான மூடநம்பிக்கை என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் நண்பர்கள் இதனையும் கணக்கிற் கொள்வார்களாக.

இன்று மலைநாட்டின் காடழிவு பற்றிப் பேசப்படும் கூட்டங்களில், விறகுக்காகக் காப்புக்காட்டினுள் நுழையும் தோட்ட மக்களும், ஓடைக்கரையில் மரக்கறிப் பாத்தி அமைக்கும் இளைஞரும் குற்றவாளிகளாகக் காட்டப்படுகின்றனர். அவர்கள் காட்டுக்கு ஊறு செய்யவில்லை என்று வாதிடுவது என் நோக்கமன்று. ஆனால் அவர்கள் வெட்டுவது 5,000 அடிக் கோட்டுக்கு மேல் மிஞ்சியதன் ஓர் ஓரத்தை. கோட்டுக்குக் கீழே இருந்தது முழுவதும் பத்திரம் எழுதி, விலை பேசி, சட்டப்படி வெட்டப்பட்டது. அதைச் செய்தவர்களின் பெயர்கள் தேவாலயச் சுவர்களில் உள்ளன. பதுளையிலுள்ள புனித மார்க் தேவாலயம், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜர்ஸின் நினைவுக்குரியது. அவர் இப்பகுதியின் நிருவாகியாக இருந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவராகப் பெயர் பெற்றவர்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மண்சரிவுக்குக் காரணங்கள் பல. அவ்விடத்தின் பாறையமைப்பும் தொடர்மழையும் அவற்றுட் சேரும். ஆபத்துப் பற்றிய எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது என்பதும் பின்னர் வெளிவந்தது. ஆயினும், சரிவான மலையின் மண்ணை ஆழ வேர்கள் கோத்து நிறுத்துகின்றன என்பதும், அவ்வேர்கள் அங்கு எக்காலத்தில், எவரால், என்ன விலைக்கு நீக்கப்பட்டன என்பதும் மேலே கூறப்பட்டவையே. லயங்கள் அமைந்த இடத்தைத் தெரிவு செய்தவர்களும் அவற்றில் வாழ்ந்தவர்கள் அல்லர்.

கம்பனிகள் கைவிட்ட தேயிலைக் காணிகள் ஊவாவிற் பல உள. கவ்வாத்து வெட்டப்படாமையால் அங்குள்ள செடிகள் வரிசை தவறாமல் நின்றபடியே மரங்களாக வளர்ந்துவிட்டன. கொடிகளும் அவற்றின்மேல் ஏறத் தொடங்கியுள்ளன. அடியிற் புல் மண்டிய குழிவரிசைகளை இன்னமும் எண்ணலாம். அண்டைய லயத்துப் பெண்கள் மாலைவேளைகளில் அங்குதான் விறகு முறிக்கின்றனர்.